லெந்து நாளில் ஆளுக்கொரு முட்டை

நான் விழுப்புரத்துக்கு வீடு மாறி வந்துவிட்டதால், திண்டிவனத்து ஞாயிறு பள்ளியின் ஈஸ்டர் கைவேலை இந்த வருடம் உங்கள் மூவர் கைக்கு வருகிறது. கண்காணிப்பாளர் ஐயா போன் செய்து, "நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்கம்மா. ஆனா புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு உங்க அனுபவத்தைக் கொஞ்சம் எழுதிக் குடுங்க" என்றார். எனக்கு முப்பத்திரண்டு வயது இன்னும் முடியவில்லை. அன்று சாயங்காலம் வரை கண்ணாடி முன்னால் நின்று நரைமுடி தேடினேன்.

எப்படிச் செய்வது என்று நான் எழுதப்போவதில்லை. காகிதத்தட்டில் கல்லறை செய்வதும், அரிசிக்குச் சாயம் ஏற்றிச் சிலுவையில் ஒட்டுவதும் உங்கள் கைபேசியிலேயே இருக்கின்றன. அந்த வீடியோக்களில் வராத பகுதிதான் நம் வேலை. அங்கே எந்தக் குழந்தையும் அழுவதில்லை, யாரும் பசையைத் தின்பதில்லை.

முதல் வருடம் நான் அப்படி ஒரு வீடியோவை நம்பினேன். டாய்லெட் பேப்பர் தீர்ந்தபின் மிஞ்சும் அட்டைக் குழலில் ஓர் அம்மா முயல் செய்தார். காது ஒட்டினார், பஞ்சில் வால் வைத்தார், முடிந்தது. நானும் ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, அடுத்த வாரம் பிள்ளைகள் எல்லாரும் டாய்லெட் பேப்பர் குழல் கொண்டுவர வேண்டும் என்று அறிவித்துவிட்டேன். சபையில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அப்படி ஒரு பொருள் என் வீட்டிலேயே கிடையாது என்பது, வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைத் திறந்து வாளியையும் மக்கையும் பார்த்தபோதுதான் உறைத்தது.

மறுவாரம் ஒரு பிள்ளை டியூப்லைட் வந்த அட்டை உறையோடு வந்தது. ஒரு அப்பா துணிக்கடையில் சொல்லிவைத்து, பேன்ட் துணி சுற்றிவரும் அட்டைக் குழலை முழுசாகத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். ஏறக்குறைய அவர் உயரம் இருந்தது.

"எவ்ளோ பெரிய முயலு டீச்சர் பண்ணப் போறீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

ஹேக்ஸா பிளேடு கொண்டுவந்து அவரே அறுத்தும் கொடுத்தார். முயல்கள் நன்றாகத்தான் வந்தன. வரிசையாக வைத்து நான் படம் எடுக்கும்போது ஒரு குட்டிப் பையன் கேட்டான்: "டீச்சர், இயேசப்பாவுக்கும் முயலுக்கும் இன்னா சம்பந்தம்?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "இது வசந்த காலம் இல்லையா" என்றேன். ஏப்ரல் மாதம், திண்டிவனம், மின்சாரம் போன ஹால். அவன் சட்டை நுனியைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஓ" என்றான்.

அதன்பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தப் பொருளையும் கொண்டுவரச் சொல்வதற்கு முன்னால், அது இந்த ஊர் வீடுகளில் இருக்கிறதா என்று யோசிப்பேன். இந்தப் பழக்கம் இருந்தும்தான் முட்டை விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். முட்டை எல்லா வீட்டிலும் இருக்கும். எந்த மாதத்தில் இருக்கும் என்று யோசிக்கவில்லை.

கைவேலை இதுதான்: முட்டையின் மேலும் கீழும் ஊசியால் துளையிட்டு, ஊதி உள்ளிருப்பதை வெளியேற்றி, காலி ஓட்டில் முகம் வரைந்து, நூல் கட்டித் தொங்கவிடுவது. காலியான முட்டை, காலியான கல்லறை. பிள்ளைகளுக்கு விளங்கவைக்க இதைவிட எளிதான பொருள் இல்லை என்று எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது. ஈஸ்டர் காலையில் கண்காட்சி, ஐயாவே பரிசு கொடுப்பார் என்றும் ஏற்பாடாயிற்று. "சனிக்கிழமை வகுப்புக்கு ஆளுக்கொரு முட்டை" என்று அறிவித்தேன். சபை அமைதியாக இருந்தது. அந்த அமைதியை நான் முன்பே ஒருமுறை கேட்டிருந்தும் அடையாளம் தெரியவில்லை.

வெளியே வந்ததும் ஒரு அம்மா என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். "ஏம்மா, லெந்து நாள்ல முட்டையா?"

நம் சபையில் பாதி வீடுகளில் சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரையான நோன்பு நாட்களில் கறி, மீன், முட்டை எதுவும் வாசப்படி தாண்டாது. என் வீட்டிலும் அப்படித்தான். அன்று காலைகூடத் தேங்காய்ச் சட்னிதான் அரைத்திருந்தேன். இருந்தும் சமாளித்தேன். "சாப்பிடத்தானே கூடாது, படம் வரையலாம் இல்லைங்களா?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பாஸ்டரிடம் கேட்கிறேன் என்று போனார். பாஸ்டர் என்ன சொல்வாரோ என்று எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டாராம். சனிக்கிழமை காலை பிள்ளைகள் எல்லாரும் கடையில் வாங்கிய வெள்ளை முட்டையோடு வந்து சேர்ந்தார்கள், ஷைனியைத் தவிர.

ஷைனிக்கு ஏழு வயது. ஒலக்கூர் போகும் வழியில் ஒரு கிராமம். அவள் அம்மா திண்டிவனத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார், வேலைக்குப் போகிற வழியில் பிள்ளையைச் சர்ச்சில் விட்டுவிட்டுப் போவார். ஷைனி துப்பட்டாத் துண்டு ஒன்றில் சுற்றிக்கொண்டு வந்திருந்தது பழுப்பு நிற முட்டை. "நாட்டு முட்டைடா" என்று பையன்கள் சுற்றி நின்றார்கள். அவள் யாரையும் தொடவிடவில்லை.

காலி ஓட்டைக் கொடுத்தால் பிள்ளைகள் அழுத்தி நொறுக்கிவிடுவார்கள். அதனால் முழு முட்டையில் முதலில் முகம் வரைய வைத்தேன். பிறகு நான் ஒவ்வொன்றாக வாங்கி, ஊசி குத்தி, ஊதிக் காலி செய்து கொடுப்பேன். இந்த ஒரு யோசனை என் சொந்த யோசனை, வேண்டுமானால் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தார்கள். மீசை வைத்த முட்டைகள் நிறைய. ஷைனி கண்ணும் மூக்கும் வைத்து, காது வரை இழுத்த ஒரு பெரிய சிரிப்பு போட்டிருந்தாள்.

கிண்ணத்தில் மஞ்சளும் வெள்ளையும் நிறைந்துகொண்டே வந்தது. வரிசையில் கடைசியாக ஷைனி. அவள் முட்டையைக் கையில் வாங்கியதும் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. உள்ளே ஏதோ நகர்ந்தது. ஊசியை வைக்கப் போகும்போது உள்ளேயிருந்து ஒரு சின்னத் தட்டல். காதருகே கொண்டுபோனேன். மறுபடி தட்டல், கூடவே மெல்லியதாக ஒரு "கீச்."

ஊசியைக் கீழே வைத்தேன். "ஷைனி, இது எங்க இருந்து எடுத்தே?"

"எங்க கோழி கீழ இருந்து டீச்சர்."

"கோழி என்ன பண்ணிக்கினு இருந்துச்சு?"

"சும்மாதான் டீச்சர் குந்திக்கினு இருந்துச்சு. ரொம்ப நாளா குந்திக்கினே இருக்குது."

லெந்து நாட்களில் முட்டையைச் சாப்பிடமாட்டார்கள், ஆனால் கோழி இடுவதை நிறுத்துமா. இட்டதை எல்லாம் அவள் அம்மா அடை வைத்திருக்கிறார், ஈஸ்டரை ஒட்டிக் குஞ்சு பொரியட்டும் என்று. வீட்டில் முட்டை வாங்க முடியாது என்று அம்மா சொல்லிவிட்டதால், வீட்டிலேயே இருக்கிற முட்டையில் ஒன்றை இவள் எடுத்து வந்திருக்கிறாள்.

நான் பி.எஸ்சி. விலங்கியல் படித்தவள். கோழிக் கரு எங்களுக்குப் பாடம். முதல் நான்கு நாள் கருவைக் கண்ணாடிச் சில்லில் பார்த்து, வரைந்து, பாகங்கள் குறித்திருக்கிறேன். பாடத்திட்டம் அதோடு முடிந்துவிடும். என் கையிலிருந்தது பாடத்திட்டத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டிருந்தது.

ஐயாவைக் கூப்பிட்டேன். அவர் முட்டையை வாங்கி வலது காதில் வைத்துப் பார்த்தார், பிறகு இடது காதில். "ஆமாம்மா, உயிர் இருக்குது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார்.

பிள்ளைகள் எல்லாரும் முட்டையைப் பார்க்க நெருங்கி வந்தார்கள். பிறகு மீசை முட்டைக்காரன் ஒருவன் மஞ்சள் நிறைந்த கிண்ணத்தைப் பார்த்தான். உதடு பிதுங்கியது. "டீச்சர், அப்போ எங்க குஞ்சுங்க?"

அவ்வளவுதான். ஒன்று அழ, பத்து அழ, என் மகன் ஜோயலும் அழ ஆரம்பித்தான். அவனுக்கு நான்கு வயது, அவன் முட்டை கொண்டுவரவே இல்லை.

"கடை முட்டைக்குள்ள குஞ்சு இருக்காதுடா கண்ணுங்களா" என்றேன்.

"ஏன் டீச்சர்?"

"அந்தப் பண்ணையில சேவல் கிடையாது."

"சேவல் இல்லன்னா ஏன் குஞ்சு வராது?"

ஐயாவைப் பார்த்தேன். அவருக்கு அந்த நேரம் பார்த்து மைக் செட்டைச் சரிபார்க்கும் வேலை ஞாபகம் வந்து வேகமாக வெளியே போய்விட்டார். நான், "அந்தக் கோழிங்களுக்கு அடைகாக்க நேரம் கிடையாது, தினமும் வேலை" என்றேன். என்ன காரணத்தாலோ இந்தப் பதிலை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் அம்மாக்களும் வேலைக்குப் போகிறவர்கள். அது சரியான பதில்தானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். ஆனால் ஒன்று: முப்பது பிள்ளைகள் அழும்போது முழு உண்மையைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். பொய் இல்லாத ஏதாவது ஒன்றைச் சீக்கிரம் சொல்லுங்கள்.

இப்போது முட்டை. அதை உடனே கோழிக்கடியில் வைக்க வேண்டும். வீடு பூட்டியிருக்கிறது, சாவி ஷைனியின் அம்மாவிடம். கடையில் வேலை நேரத்தில் அவர்கள் போன் எடுக்கக் கூடாது. ஷைனி என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவாண்ட சொல்லாதீங்க டீச்சர். காலையில அம்மா எண்ணிப் பார்த்து ஒண்ணு கொறையுதுன்னு கத்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல."

இந்த இடத்தில் நான் நிறைய யோசித்தேன். சொல்லாவிட்டால் சாவி கிடைக்காது. சொன்னால் இனி இந்தப் பிள்ளை என்னை நம்பாது. "சொல்லித்தான் ஆகணும் கண்ணு. ஆனா நீ சொல்ல வேணாம், நான் சொல்றேன். திட்டு விழுந்தா எனக்கு விழட்டும்" என்றேன். அவள் யோசித்துப் பார்த்து, "எங்க அம்மா நல்லா திட்டும் டீச்சர்" என்று எச்சரித்தாள்.

மற்றப் பிள்ளைகளை ஐயாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போன் செய்தேன், என் கணவர் ஸ்கூட்டரோடு வந்தார். பிள்ளைகளுக்குச் சுண்டல் கொண்டுவந்திருந்த ஹாட் பாக்ஸைக் காலி செய்து, துணி விரித்து, முட்டையை வைத்தேன். மூடினால் மூச்சு முட்டுமே என்று திறந்தேன். திறந்தால் சூடு போய்விடுமே என்று மூடினேன். "வெளியில வெயில்லயே வெந்துடும் போல இருக்குது, நீ சூட்டைப் பத்திக் கவலைப்படறியா?" என்றார் அவர். அது நியாயமாகப் பட்டதால் மூடியைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு, ஜோயலை முன்னால் நிற்கவைத்து, ஷைனியை நடுவில் உட்காரவைத்துக் கிளம்பினோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் அவர் தோளில் அடித்தேன்.

ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை துணிக்கடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாசலில் காவலாளி நிறுத்தினார்.

"டப்பா உள்ள இன்னா மேடம்?"

"முட்டைங்க."

"சாப்பாடு உள்ள அலவ் இல்ல. டோக்கன் போட்டுட்டுப் போங்க."

உயிருள்ளதை டோக்கன் போட்டு வைக்க மனம் வரவில்லை. டப்பாவையும் பிள்ளைகள் இருவரையும் கணவரிடம் விட்டேன். அவர் ஸ்கூட்டர் நிழலில் நின்று, பாதி மூடிக்குள் பார்த்து, "கொஞ்சம் பொறுத்துக்கப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்ததை நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன்.

ஷைனியின் அம்மா குழந்தைகள் பிரிவில், ஒரு சின்னப் பெண்ணின் தோளில் ஃப்ராக்கை வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"டீச்சர்? ஷைனிக்கு இன்னா ஆச்சு?"

"ஷைனி நல்லாத்தாங்க இருக்கா. முட்டைதான்..."

"எந்த முட்டை?"

"உங்க கோழி அடைகாத்த முட்டை. ஒண்ணு குறையுதுன்னு தேடினீங்களாமே."

"அத பக்கத்து வூட்டுப் பூனை தூக்கிக்கினு போயிடுச்சு டீச்சர்."

"இல்லைங்க. சர்ச்சுக்கு வந்திருக்கு."

அவர் ஃப்ராக்கை மெதுவாக மேசையில் வைத்தார். நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பிள்ளைமேல் தவறில்லை, லெந்து நாளில் முட்டை கேட்டது நான்தான் என்றேன். திட்டுக்காகக் காத்து நின்றேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"காலையில பக்கத்து வூட்டு அக்காவாண்ட எவ்ளோ பேச்சு பேசிட்டேன் தெரியுமா? உங்க பூனைக்கு லெந்து கெடையாதான்னு கேட்டுட்டேன். அவங்க மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்காங்க. எங்க வூட்லயே கவிச்சி இல்ல, பூனைக்கும் தயிர் சோறுதான்னு சொன்னாங்க. நான் நம்பல. இப்ப எந்த மூஞ்சியோட போறது? பெரிய பேஜாரு பண்ணிட்டீங்க டீச்சர்."

ஃப்ராக் வாங்க வந்த அம்மா, "குஞ்சு உயிரோட இருக்குதா?" என்று கேட்டார். அதன்பிறகுதான் ஷைனியின் அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். கடையில் இன்று விடமாட்டார்கள், நீங்களே போய் வைத்துவிடுங்கள் என்றார். "ஆனா ஜாக்கிரதை. அது என்னைத் தவிர யாரையும் கிட்ட சேக்காது. கொத்திடும். அக்காவைத் தொணைக்குக் கூப்டுக்கோங்க."

கிராமத்தில் அந்தப் பக்கத்து வீட்டு அக்கா மஞ்சள் காப்புக் கட்டிய கையோடு தன் வாசலில் நின்று முழுக் கதையையும் கேட்டார். அவர் காலடியில் பூனை உட்கார்ந்திருந்தது. "எங்க பூனைமேல பழியும் போட்டுட்டு, கோழியப் புடிக்கவும் நானே வரணுமா?" என்றார். நியாயமான கேள்வி. நான் மன்னிப்புக் கேட்டேன். என் கணவரும் கேட்டார். ஜோயல் பூனையிடம் நேரடியாகக் கேட்டான். அதற்குப் பிறகு அவர் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

கோழி சமையலறை மூலையில், பழைய கூடையில் இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் உடம்பை இரண்டு மடங்கு பெரிதாக்கிக்கொண்டது. அக்கா விளக்குமாற்றோடு ஒரு பக்கம், என் கணவர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஒரு பக்கம், நான் ஹாட் பாக்ஸோடு நடுவில். யார் முதலில் போவது என்று மூன்று பேரும் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தோம்.

"குடுங்க டீச்சர்" என்றாள் ஷைனி. "நான்தானே எடுத்தேன். எனக்கு வெக்கத் தெரியாதா?"

முட்டையை வாங்கினாள், கோழியின் வயிற்றுக்கடியில் கையை விட்டாள், வெறும் கையை வெளியே எடுத்தாள். கோழி கொக் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. என் கணவர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

உயிர் பிழைக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. அரை நாள் வெளியே இருந்திருக்கிறது, ஸ்கூட்டரில் குலுங்கியிருக்கிறது. பிழைக்கும் என்று நான் ஷைனிக்குச் சொல்லவில்லை. சொல்லத் துடித்தது, அடக்கிக்கொண்டேன். அவளும் கேட்கவில்லை. "நாளைக்கு எனக்கு வெக்க ஒண்ணும் இல்ல இல்ல டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். அவளையும் சாவியையும் அக்காவிடம் விட்டுவிட்டு, வரும் வழியில் கடையில் ஒரு முட்டை வாங்கி, வீட்டுக்கு வந்ததும் அவளுக்காக ஊதிக் காலி செய்து பையில் வைத்துக்கொண்டேன். அது சரிதானா, அவளுக்கு அவமானமாக இருக்குமா என்று விடியும்வரை புரண்டேன்.

விடியற்கால ஆராதனை முடிந்து வெளிச்சம் வரும்போது ஹாலில் முட்டைகள் வரிசையாக நூலில் ஆடிக்கொண்டிருந்தன. ஷைனியும் அவள் அம்மாவும் தாமதமாகத்தான் வந்தார்கள். புது ஃப்ராக். இரண்டு கையையும் குவித்து எதையோ பிடித்திருந்தாள். நான் என் பைக்குள் விட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டேன்.

அவள் கையைத் திறந்தாள். பழுப்பு முட்டை ஓடு. கண், மூக்கு, காது வரை இழுத்த சிரிப்பு எல்லாம் அப்படியே இருந்தன. தலையின் மேல்பகுதி மட்டும் வட்டமாக அறுபட்டு, ஒரு பக்கம் மெல்லிய தோலில் தொங்கிக்கொண்டிருந்தது, டப்பா மூடி மாதிரி.

"ராத்திரியே வந்துடுச்சு டீச்சர்" என்றார் அவள் அம்மா. "எல்லாத்துக்கும் முன்னாடி இதுதான். அக்காவும் வந்து பார்த்துட்டுப் போனாங்க."

ஐயா பேனாவோடு வந்தார். மேல் ஒரு துளை, கீழ் ஒரு துளை, ஓடு உடையாமல் இருக்க வேண்டும் என்பது போட்டியின் விதி. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரும்மா செஞ்சது?"

"மூஞ்சி நான் போட்டேன் ஐயா. ஓட்டை அதுவே போட்டுக்கிச்சு."

"கூட்டு முயற்சிக்குப் பரிசு கெடையாதேம்மா" என்றார் ஐயா. ஆனால் அவர் அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. பரிசு யாருக்குக் கிடைத்தது என்று எனக்கு இப்போது நினைவில்லை.

ஷைனிக்கும் அதைப் பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. தங்கள் முட்டைகளை விட்டுவிட்டுப் பிள்ளைகள் எல்லாம் அவள் முன்னால் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் அவள் விரல் நுனியால் அந்த மூடியைத் தூக்கிக் காட்டினாள்.

"வந்து பாரு. உள்ள யாரும் இல்ல. அது வூட்ல ஓடிக்கினு இருக்குது."